தோட்டம் போட்டுத் தருகிறோம் என்று வந்தவர்களும், பட்டறை அண்ணனும்: ஒன்றரை வருட ரிவ்யூ

எங்கள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காகத் தோட்டம் அமைத்துத் தந்த கம்பெனிக்கு ஐந்துக்கு ஒன்றரை. வெல்டிங் பட்டறைக்கு ஐந்துக்கு ஐந்து, முடிந்தால் ஆறு. கூடவே இரண்டு நர்சரி, ஒரு சைக்கிள் கடை. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். மற்றவர்கள் உட்காருங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

என் தம்பிக்கு 23 வயது, டவுன் சிண்ட்ரோம். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளைப் பட்டியல் போட்டு, 6 வயதிலிருந்து 18 வரை இலவசக் கல்வி என்று சொல்கிறது. எல்லாம் சரி, 18 முடிந்த மறுநாள் காலையில் பையன் குளித்துத் தலைவாரி யூனிஃபார்மைத் தேடிக்கொண்டு நிற்கிறானே, அவனை எங்கே கூட்டிப்போவது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. டிவி, சாப்பாடு, தூக்கம், மறுபடி டிவி என்று இரண்டு வருடத்தில் 14 கிலோ ஏறிவிட்டான். பிசியோதெரபிக்குப் போகிற இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பேசிப்பேசிப் பழக்கமான ஆறு குடும்பங்களிலும் இதே கதைதான். அதில் ஒருவருக்குச் சேலம் கண்ணங்குறிச்சியில் வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் சும்மா கிடந்தது, முழுக்க வேலிக்காத்தான். அதை வெட்டிவிட்டுத் தோட்டம் போட்டால் பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியே இருப்பார்களே என்றுதான் ஆரம்பித்தது. மொத்தம் ஏழு பேர், 18இலிருந்து 26 வயது வரை.

எங்களுக்குத் தோட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் மாடித்தோட்டம் போட்டுத் தருகிற ஒரு கம்பெனியைப் பிடித்தோம். பேர் வேண்டாம். வந்த பையன் நல்லாத்தான் பேசினான், டேப்லெட்டில் படமெல்லாம் காட்டினான். 'தெரபி கார்டன்' என்று ஒரு பேக்கேஜே இருக்கிறதாம், 42,000 ரூபாய். 40 க்ரோ பேக் (செடி வளர்க்கிற பை), மண் கலவை, நாற்று, பச்சை நிழல்வலை, டைமர் வைத்த சொட்டுநீர், நடைபாதைக்கு வெள்ளைக் கூழாங்கல். ஏழு குடும்பமும் ஆளுக்கு ஆறாயிரம் போட்டோம். மூன்று நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். போட்டோ எடுத்தால் ஏற்காட்டு ரிசார்ட் மாதிரி இருந்தது.

நாலாவது நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது.

எங்கள் கூட்டத்தில் 19 வயதுப் பையன் ஒருவனுக்கு மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலியில்தான் வருவான். கேட்டைத் தாண்டி இரண்டடி போனதும் முன்சக்கரம் கூழாங்கல்லில் புதைந்து நின்றுவிட்டது. அவன் அப்பாவும் நானும் பின்னாலிருந்து தள்ள, அது இன்னும் ஆழமாக இறங்குகிறது. சரி, தூக்கிக்கொண்டாவது போவோம் என்றால், பைகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளி ஒன்றரை அடி. அவன் நாற்காலியின் அகலம் 26 அங்குலம். அப்படியே உள்ளே போனாலும் பைகள் எல்லாம் தரையில் இருக்கின்றன, செடியைத் தொட அவன் கீழே விழத்தான் வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே, "நான் வாட்ச்மேனா இருக்கேன்க்கா" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "மேடம், ஹேண்டிகேப்டு பசங்களுக்கு பக்கத்துல கேர்டேக்கர் இருப்பாங்கல்ல, அவங்க பண்ணலாமே" என்றார்கள். நான் செய்வதற்கு எதற்கு 42,000?

இதைவிடப் பெரிய கூத்து அந்த டைமர். காலை 6 மணிக்குத் தானாகத் திறக்கும், எட்டு நிமிஷம் சொட்டும், தானாக மூடிக்கொள்ளும். என் தம்பிக்குத் தோட்டத்தில் என்ன பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர் ஊற்றுவதுதான். பூவாளியைப் பார்த்ததும் முகமே மாறும். அவனுக்கென்று இருந்த ஒரே வேலையை ஒரு மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு நாங்களே காசும் கட்டியிருக்கிறோம். நாங்கள் யாரும் போகாவிட்டாலும் அந்தத் தோட்டம் பாட்டுக்கு வளரும். அப்புறம் இந்தப் பிள்ளைகள் எதற்கு? ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் டைமரைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன். ஊருக்குப் போகிற நாள்களில் மட்டும் கீழே இறக்குவோம்.

செடித் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழகுக்காக என்று வாசலில் இரண்டு அரளியும், நிழலில் நாலு டிஃபன்பாக்கியாவும் வைத்திருந்தார்கள். கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் வைத்துப் பார்க்கிற ஒரு பெண் எங்கள் குழுவில் இருக்கிறாள், அதை முன்பே சொல்லியும் இருந்தோம். அரளியில் விஷம் என்பது ஊருக்கே தெரியும். டிஃபன்பாக்கியா இலையைக் கடித்தால் அதிலுள்ள ஊசி மாதிரியான ஆக்சலேட் படிகங்கள் குத்தி நாக்கும் தொண்டையும் வீங்கும். நல்லவேளை, தெரிந்த ஒரு பாட்டி பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். அன்றைக்கே பிடுங்கிவிட்டோம். அந்த ஒன்றரை மார்க் எதற்கு என்றால் நிழல்வலைக்கு: பாதி வெயிலை மறைக்கிற 50 சதவீத வலை, ஒன்பதடி உயரத்தில் இழுத்துக் கட்டியது. போன ஆடிக் காற்றுக்கும் அசையவில்லை.

இப்போது பட்டறை அண்ணன்.

அம்மாப்பேட்டைப் பக்கம், கிரில் கேட் அடிக்கிற சின்னப் பட்டறை. ரேம்ப் செய்யத்தான் போனேன். கேட்டில் ஒரு அடி படி இருந்தது. அவர் முதலில் கேட்டதே, "எடம் எவ்வளவு இருக்கு?" என்பதுதான். ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி பின்னால் சாயும் என்றார். அது சரியான கணக்கு, சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அவருக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் அம்மாவுக்காக வீட்டில் செய்து, முதல் தடவை தப்பாகப் போய், திரும்பச் செய்தாராம்.

அப்படியே தோட்டத்துக் கதையைச் சொன்னேன். "அந்தத் தம்பியைக் கூட்டிட்டு வாங்க, ஆளைப் பார்க்காம அளவு எடுக்க முடியாது" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேரே அவனிடம் உட்கார்ந்து, "கையை நீட்டு சாமி, வலிக்கிற வரைக்கும் வேணாம், சும்மா எட்டுற வரைக்கும்" என்று அளந்தார். தரையிலிருந்து முழங்கால் 25 அங்குலம். கை எட்டுவது 22 அங்குலம். இரண்டையும் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார், அது இன்னும் அங்கே இருக்கிறது.

தொட்டிக்கு நீல டிரம்மை நெடுக்கப் பிளந்து ஸ்டாண்டில் படுக்கவைப்பது என்று முடிவு. மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சரிபாதியாகப் பிளந்து வைத்துப் பார்த்தால், முழங்கால் உள்ளே போகிற மாதிரி அடியில் 26 அங்குலம் விட்டதும் தொட்டியின் விளிம்பு 37 அங்குலத்துக்குப் போய்விட்டது. பையன் தோளைத் தூக்கித் தூக்கி மண்ணைத் தொட்டான், இரண்டு நிமிஷத்தில் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அண்ணன் கொஞ்ச நேரம் பீடி பிடித்துக்கொண்டே டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் இன்னொரு டிரம்மை எடுத்து, பாதியில் வெட்டாமல், இரண்டு பக்கத்திலிருந்தும் ஏழு ஏழு அங்குலம் மட்டும் சீவினார், இளநீர் சீவுகிற மாதிரி. ஆழம் ஏழு அங்குலம், மேலே அகலம் 21, விளிம்பு 33இல் நின்றது. கீரைக்கும் முள்ளங்கிக்கும் வெந்தயத்துக்கும் ஏழு அங்குல மண் தாராளம். நடுவில் மிச்சமான பட்டைகளையும் தூக்கிப் போடவில்லை, தரைப் பாத்திகளுக்கு அதுதான் இப்போது வரப்பு.

ஈர மண்ணோடு ஒரு தொட்டி 60 கிலோவுக்கு வரும். அதனால் ஸ்டாண்டுக்கு ஒன்றரை இஞ்ச் சதுரக் குழாய் போட்டார். ஆன்லைனில் நான் ஏற்கெனவே வாங்கியிருந்த ஒரு பூந்தொட்டி ஸ்டாண்டைக் காட்டினேன், முக்கால் இஞ்ச் குழாய். அதை ஒரு கையால் அழுத்தி வளைத்துக் காட்டிவிட்டு, "இது பூஜை ரூமுக்கு ஆகும்" என்றார். ஸ்டாண்ட் ஒன்று 3,200 வீதம் ஆறு, டிரம் 1,100 வீதம் மூன்று, ஆக 22,500. டிரம் வாங்கும்போது முன்னால் அதில் என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். எங்களுடையதில் மாம்பழக் கூழ் இருந்தது. சாயமோ ஆசிடோ இருந்த டிரம் என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், சொன்ன தேதிக்குத் தரமாட்டார். இரண்டு வாரம் என்றது ஐந்து வாரம் ஆனது. மாரியம்மன் பண்டிகை வேறு நடுவில் வந்துவிட்டது, ஆடி மாதத்தில் சேலத்தில் யாரிடம் வேலை வாங்க முடியும்? போகட்டும்.

கூழாங்கல்லை அள்ளிவிட்டு க்ரஷர் பவுடர் (கல் உடைக்கிற இடத்துத் தூள்) கொட்டித் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டோம், நாலடி அகலத்தில். நாற்காலி திரும்புகிற இடத்தில் மட்டும் ஐந்தடி. பேவர் பிளாக் இன்னும் நல்லது, எங்களிடம் அதற்குக் காசில்லை.

நர்சரிக்கு வருவோம். ஏற்காட்டுக்கு மே மாதக் கோடை விழா சமயத்தில் எல்லோரும் ஒரு வேனில் போனோம். 20 கொண்டை ஊசி வளைவில் மூன்று பேர் வாந்தி, அது தனி. மேலே ஒரு நர்சரியில் ஜெரேனியமும் ஹைட்ரேஞ்சியாவும் பார்த்ததும் பிள்ளைகள் விடவில்லை. "கீழேயும் நல்லா வரும்" என்று சொல்லி 1,400 ரூபாய்க்குக் கட்டிவிட்டார்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம், அங்கே வளர்கிற செடி சேலத்து வெயிலில் என்ன ஆகும் என்று எங்களுக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். மூன்றே வாரம். தினமும் தண்ணீர் ஊற்றிய தம்பி, செடி செத்ததற்குத் தான்தான் காரணம் என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் அந்த நர்சரிக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் கழிப்பறையைப் பயன்படுத்த விட்டதற்காக.

கோரிமேடு தாண்டி அடிவாரம் போகிற வழியில் இன்னொரு நர்சரி, ஒரு அம்மா தனியாகப் பார்த்துக்கொள்கிறார். பொதுவாகக் கடைகளில் என்ன நடக்கும் தெரியுமா, தம்பி பக்கத்தில் நிற்க என்னிடம்தான் கேட்பார்கள், "இவனுக்கு என்ன வேணுமாம்?" என்று. இந்த அம்மா அவனைப் பார்த்துத்தான், "என்ன கண்ணு வேணும்?" என்றார். அவன் சொல்லி முடிக்க நேரம் ஆகும். காத்திருந்தார். செண்டுமல்லி என்றான். ஆறு நாற்றை எடுத்து அவன் கையில் கொடுத்து, அவனிடமே காசு வாங்கி, மீதிச் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணி அவன் உள்ளங்கையில் வைத்தார். நாற்றின் தரம் சுமார்தான், ஆறில் நாலுதான் பிழைத்தது. இருந்தாலும் ஐந்துக்கு ஐந்து. கற்பூரவல்லி, துளசி, திருநீற்றுப்பச்சிலை, மருக்கொழுந்து எல்லாம் இப்போது அங்கேதான் வாங்குகிறோம். பார்வை இல்லாத அண்ணன் ஒருவர் எங்களோடு இருக்கிறார், 26 வயது, அவருக்கு வாசனைச் செடிகள்தான் வழிகாட்டி.

அவருக்காகச் செய்ததில் செலவே ஆகாத ஒன்று: கேட்டிலிருந்து குழாயடி வரை இடுப்பு உயரத்தில் தேங்காய்நார்க் கயிறு. ஒரு முடிச்சு வந்தால் கீரை, இரண்டு முடிச்சு வெண்டை, மூன்று என்றால் குழாய். இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டார். எங்களில் வெண்டைக்காய் பறிப்பதில் அவர்தான் கெட்டிக்காரர், நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்துப் பெரிதாக இருப்பதைப் பறித்து முற்றலாகக் கொண்டுவருவோம், அவர் விரலால் தடவி, நுனியைத் தொட்டுப் பார்த்துப் பிஞ்சாகவே கொடுப்பார்.

கருவிகள். கடையில் விற்கிற கைக்கொத்து, களைக்கொத்தின் பிடியெல்லாம் மெலிசு. விரல் முழுதாக மடங்காதவர்களுக்கு அது நழுவும். சைக்கிள் கடையில் பழைய ட்யூபை வெட்டி நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். எவ்வளவு காசு என்று கேட்டதற்கு, "போங்கக்கா" என்று கடைக்காரர் முடித்துவிட்டார். பூவாளியில் பத்து லிட்டர் வாங்காதீர்கள், நிரப்பினால் பத்துக் கிலோ. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியைச் சுடவைத்து ஏழெட்டு ஓட்டை போட்டால் போதும். நாற்காலிப் பையன் கீழே உள்ள பாத்தியில் விதை போட ஒரு மூன்றடி பிவிசி குழாயை வைத்திருக்கிறான். மேலே விதையைப் போட்டால் கீழே சரியாகக் குழியில் விழும். கீரை விதை தூள் மாதிரி இருப்பதால் இந்த விளையாட்டுக்கு ஆகாது, அவரை, பூசணி, சுரை மாதிரி விரலில் பிடிபடுகிற விதையாக ஆரம்பியுங்கள். கீரையை மணலில் கலந்து தூவுவது வேறு ஒருத்தி வேலை.

தம்பி ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றி அழுகவிட்டான், முதல் தக்காளி முழுக்க அப்படித்தான் போச்சு. அதற்குத் துணி கிளிப்தான் மருந்தானது. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சிவப்பு கிளிப், ஊற்றி முடித்ததும் அதை எடுத்துச் சட்டைப் பையில் மாட்டிக்கொள்வான். தொட்டியில் கிளிப் இல்லை என்றால் அங்கே தண்ணீர் கிடையாது. சட்டை முழுக்க கிளிப்போடு ஏதோ மெடல் வாங்கின மாதிரி நடந்துவருவான்.

ஆட்டிசம் உள்ள பெண் ஈர மண்ணைத் தொடவே மாட்டாள், கத்துவாள். காய்ந்த தென்னைநார்க் கழிவு என்றால் பிரச்சினை இல்லை. ஐந்து கிலோ கட்டியை அண்டாவில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் அது மெல்ல உப்பி, வெடித்து, பொலபொலவென்று சரியும் இல்லையா, அதை அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பாள். நடுவில் யாரும் பேசக் கூடாது. கலவைக்கு வாங்குகிறவர்கள் கவனிக்க: கம்பெனி கொடுத்த நார்க்கழிவை நன்றாக அலசாமல் போட்டிருந்தார்கள், உப்பு இருந்து நாற்றின் இலை ஓரம் கருகியது. இரண்டு மூன்று தண்ணீர் அலசுங்கள். ஒரு லோடு மண்ணும் வெள்ளைக்கல் கலந்து வந்து செடியெல்லாம் மஞ்சளடித்தது. காரத்தன்மை அதிகமான மண்ணில் செடியால் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ள முடியாது. லோடு இறக்குவதற்கு முன்னால் மண் பரிசோதனை செய்துவிடுங்கள், சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தந்த மாடித்தோட்டத் தொகுப்பும் நல்லாத்தான் இருந்தது, அந்தப் பைகளை நாங்கள் பழைய பள்ளி பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டோம்.

கம்பெனி, பட்டறை, நர்சரி யாருமே சொல்லாத ஒன்று, நாங்களும் யோசிக்காத ஒன்று: கழிப்பறை. முதல் இரண்டு மாதம் பெண் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள், ஏதோ வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். அப்புறம்தான் ஒரு அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார், தண்ணீர் குடிக்காமலே கூட்டி வருகிறாராம். சேலத்து ஏப்ரலில்! வீட்டுக்காரர் பின்பக்கக் குளியலறைக்கு மேற்கத்திய பீங்கானும் கைப்பிடியும் போட்டுக் கொடுத்தார், கைப்பிடி யார் அடித்தது என்று கேட்கவே வேண்டாம். தோட்டம் ஆரம்பிக்கிறவர்கள் முதல் செலவை இங்கே செய்யுங்கள், விதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

நேரம் காலை ஆறரையிலிருந்து எட்டரை. கோடையில் ஆறுக்கே. சிறுகீரை 25 நாளில் வந்துவிடுவதால் பிள்ளைகளுக்குப் பொறுமை தாங்குகிறது, முதல் தடவை கத்தரி போட்டு இரண்டு மாதம் காத்திருந்ததில் பாதிப் பேர் ஆர்வம் விட்டுவிட்டார்கள். ஞாயிறு காலை அழகாபுரத்தில் ஒரு அப்பார்ட்மென்ட் வாசலில் கீரை கட்டு 15 ரூபாய்க்கு விற்கிறோம். பரிதாபப்பட்டு ஐம்பது ரூபாய் நீட்டுகிறவர்களுக்கு மீதி கொடுத்தே தீருவான் தம்பி, வேண்டாம் என்றால் கோபம் வரும். கணக்கில் தப்பு வரும், அது வேறு. முதல் பங்காக அவனுக்கு 60 ரூபாய் வந்தது. நேரே தட்டுவடை செட் கடைக்குப் போய், எனக்கும் ஒரு செட் வாங்கிக் கொடுத்தான், காரம் தூக்கலாக.

ஆடிப்பட்டத்துக்கு இன்னும் நாலு தொட்டி சொல்லியிருக்கிறேன். நாற்காலிப் பையனுக்குப் புது நாற்காலி வந்திருக்கிறது, அது பழையதைவிட இரண்டு அங்குலம் உயரம் குறைவு. பட்டறை அண்ணன் போனில், "அளவு எழுதி அனுப்பாதீங்க, தம்பியக் கூட்டிட்டு வாங்க" என்கிறார். இரண்டு வாரத்தில் தருகிறாராம். நான் ஐந்து வாரம் என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.